மரப்பெட்டிக் கம்ப்யூட்டரின் உள்பக்கம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் நிறையவே உண்டு. அதை நாலே நாள் மூடி வைத்திருந்தேன், அந்த நாலு நாளில் என் பிழைப்பு போனது.

பத்தொன்பது வயதில் நான் கம்ப்யூட்டர் செய்யப் போனேன். படித்தது பத்தாவது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்கு எடுத்து மூன்று என்ஜினீயர்கள் ஆரம்பித்த கம்பெனி. வெளிநாட்டில் யாரோ கார் நிறுத்தும் கொட்டகையில் கம்ப்யூட்டர் செய்து பெரிய ஆளானதைப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தவர்கள். கார் கொட்டகைக்கு இங்கே எங்கே போவது, உப்புக் கிடங்குதான் கிடைத்தது. சுவரெல்லாம் உப்பு பூத்து உதிரும். சர்க்யூட் போர்டில் பட்டால் செம்பு பச்சை பிடித்துவிடும் என்று நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் அடித்திருந்தார்கள். அதற்குள் பெண்கள் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து போர்டில் ஈயம் உருக்கி வைப்போம். "கம்பெனில இன்னாமே செய்றே?" என்று தெருவில் கேட்பார்கள். "கணக்குப் போடுற டிவி" என்பேன். ஒருத்தரும் நம்பவில்லை.

முதல் மாடலுக்கு இரும்புப் பெட்டி செய்து தருவதாகச் சொன்ன பட்டறை கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. முதலாளிகளில் ஒருவர் நேரே காசிமேட்டுக்குப் போய், படகு கட்டும் ஆசாரி ஒருவரைப் பிடித்து வந்தார். ஆசாரி ஐனி மரத்தில் பெட்டி செய்து கொடுத்தார். படகுக்குப் போடுகிற அதே மரம், அதே பித்தளைத் திருகாணி. மேலே கழற்றி மாட்டும் மூடி, முன்னால் கீபோர்டு, பின்னால் டிவியில் சொருகும் வயர். கொஞ்சம் பெட்டிகள்தான் அப்படிப் போயின. பிறகு இரும்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு மரப்பெட்டியின் மூடிக்கு உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டுவோம், இரும்பு வந்த பிறகு அது நின்றுபோனது. கம்பெனியின் வட்ட சீல், தேதி, போர்டு செய்தவளின் நம்பர், கையெழுத்து. மெஷின் பழுதாகித் திரும்பி வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. மற்ற பெண்கள் இனிஷியல் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். நான் முழுப் பெயரையும் தமிழில் எழுதுவேன். திமிர் என்றார் சூப்பர்வைசர். திமிர்தான். என் போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அந்த வேலையில் இருக்கும்போதே ஆயிற்று. என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பிறகு வெளிநாட்டு மெஷின்கள் துறைமுகத்தில் கண்டெய்னர் கண்டெய்னராக இறங்க ஆரம்பித்தன. எங்கள் மெஷினைச் சீந்த ஆள் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. அடுத்த மாதமே இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்கக் கை. முடி கனமுள்ள கம்பியை வளைத்து ஈயம் வைத்த விரல்கள் மரத்துப்போய், சாயங்காலம் வளையலைக் கழற்றக்கூட வராது. அந்த ஷெட்டை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுதினால் காகிதம் நாறும்.

சில வருஷம் கழித்து, அதே கிடங்கை வாங்கி வேறொரு கம்பெனி யு.பி.எஸ். செய்யப் போவதாகச் செய்தி வந்தது. பழைய ஆட்களுக்குத்தான் முதலில் வேலை என்று ஒப்பந்தமாம். ஓடினேன். பட்டியலில் என் பெயர் இல்லை. நான் காண்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தவள். கம்பெனிப் பதிவேட்டில் நான் கிடையாது. காண்ட்ராக்டர் செத்துப்போய்விட்டார், அவர் வைத்திருந்த காகிதங்களைப் பிள்ளைகள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரி நல்ல மாதிரி. "கம்பெனி சீலும் உங்க கையெழுத்தும் சேர்ந்தாப்ல இருக்கிற ஏதாவது ஒரு அசல் காகிதம் கொண்டாங்கம்மா. ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை" என்றார்.

அப்போதுதான் மூடிக்குள் ஒட்டிய சீட்டு நினைவுக்கு வந்தது. யாரைத் திட்டலாம் என்று கண்டுபிடிக்க வைத்த சீட்டு, நான் அங்கே இருந்தேன் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி.

மூலக்கொத்தளம் பக்கம் பழைய கம்ப்யூட்டர் உடைக்கும் கொட்டகைகளில் தேடினேன். எங்கள் இரும்புப் பெட்டிகளைத் தகரமாக்கி அடுக்கியிருந்தார்கள். ஒரு கொட்டகைக்காரர், "மரப்பொட்டி மாடலா? ராய்புரத்துல ஒரு சார் கீறாரு. அந்தக் கம்பெனி சாமான் இன்னா வந்தாலும் வாங்கிக்கினு பூடுவாரு. ஷோக்குப் பேர்வழி" என்று வழி சொன்னார்.

சார் ஓய்வுபெற்ற காலேஜ் வாத்தியார். மாடியில் ஒரு அறை முழுக்க எங்கள் கம்பெனிதான். எல்லா மாடலும் வரிசையாக, தூசி படாமல். புரோகிராம் கேசட்டுகள், கையேடுகள், தினக்காலண்டர், சாவிக்கொத்து, பேப்பரில் வந்த முதல் விளம்பரம் லேமினேட் போட்டு. கேன்டீன் டோக்கன்கூட இருந்தது! நான் டீக்குக் கொடுத்துத் தொலைத்த டோக்கனைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அவர் எனக்கு என் கம்பெனியின் வரலாற்றைச் சொன்னார். எந்த முதலாளி எந்தப் பகுதியை வடிவமைத்தார், எந்த மாடலில் எவ்வளவு மெமரி, இரண்டாவது மாடல் ஏன் தோற்றது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். மரப்பெட்டியைக் காட்டி, "தேக்கு" என்றார். ஐனி என்றேன். விளம்பரத்தில் தேக்கு என்றுதான் போட்டிருக்கிறது என்றார். அந்த மரத்தூளை மூக்கால் முகர்ந்தவள் நான் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மூடியைக் கழற்றினார். பழுப்பேறிய சீட்டு. வட்ட சீல். என் நம்பர், பதினேழு. கீழே என் பெயர், பத்தொன்பது வயதுக் கையெழுத்தில், கொம்பும் சுழியும் அழுத்தம் திருத்தமாக. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். ரொம்ப நேரம் யோசித்து, "எனக்குத் தெரிஞ்சு நல்ல நிலைமைல இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. சீட்டைப் பிச்சிடாதீங்க. விசாரணை முடிஞ்சதும் கொண்டாந்துடுங்க" என்று, ஒரு போர்வையில் சுற்றி, ஆட்டோ வரைக்கும் தானே தூக்கி வந்து வைத்தார்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில். என் வீட்டுக்காரர் நாள் முழுக்கப் படகுக்குப் பெயிண்ட் அடிப்பார், மிச்ச நேரம் வீட்டில் இருப்பார். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளையோடு சண்டை வராமல் இருக்குமா? பெட்டியைப் பார்த்ததும், "எறா ஷெட்டுல இன்னா கொறச்சலு ஒனக்கு? இந்தப் பொட்டியத் தூக்கினு அலையறே, பாக்கறவன்லாம் சிரிக்கிறான்" என்றார்.

"வலையத் தவிர இன்னாயா தெரியும் ஒனக்கு?" என்றேன். அதோடு விட்டேனா? படிக்கத் தெரியாதவனைக் கட்டிக்கொண்டு சீரழிகிறேன் என்றும் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். இன்னும் அதிகமாக வந்தால் பேச மாட்டேன். நாலு நாள் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளிவிடுவேன். இரண்டாம் நாள் அவரே இறங்கி வந்து, "இந்தப் பொட்டிய வெச்சி எப்டிமே வேலை குடுப்பான்?" என்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் பெயர் இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பெட்டியை ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிப்போய் ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு தோன்றியது. பிற்பாடு தோன்றுவதில் நான் கெட்டிக்காரி.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷெட்டிலிருந்து வருகிறேன், சந்து திரும்பும்போதே எனாமல் நெடி. வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. படகு நீலம். ஓரம் பூரா மஞ்சள் கோடு, நூல் பிடித்த மாதிரி. பக்கத்தில் மூடி மல்லாந்து கிடந்தது. அதன் உள்பக்கமும் நீலம்.

அவர் எழுந்து நின்றார். "உள்பக்கமும் அடிச்சிட்டேமே. மரத்துக்கு உள்ள வுட்டுட்டா உப்புக் காத்துல உளுத்துப் பூடும். ஏதோ காகிதம் ஒட்டிக்கினு இர்ந்திச்சி கலீஜா, சொரண்டி எடுத்துட்டு உப்புத்தாள் போட்டேன். ஆபீசர் முன்னால வெக்கிறது, அழுக்கா இர்ந்தா மதிப்பானா?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தடைக்காலம் முடிந்து கடலுக்கு இறங்கும் படகை உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துத்தான் அனுப்புவோம். பழைய பெயிண்டோடு அனுப்பினால் அது போகிற காரியம் விளங்காது. இந்தப் பெட்டியும் ஒரு காரியத்துக்குப் போகிறது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"நல்லா கீதா?" என்றார். நகக்கண் வரைக்கும் நீலம். நாலு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சமாதானத்துக்கு வந்திருக்கிறார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வாயைத் திறந்தேன். "நல்லா கீது" என்றேன். நாலு நாளில் அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை.

அவர் டீ குடிக்கப் போன பிறகு வாசலில் குந்திக்கொண்டு மண்ணைக் கிளறினேன். மரத்தூளோடு மாவு மாதிரி காகிதத் துகள். ஒரு எழுத்துகூட முழுசாக இல்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனேன், வேறென்ன செய்ய? அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். புதுக் கம்பெனி சார்பில் வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா இல்லையா, தெரியாது. அதிகாரி, "இருந்துச்சுன்னு சொன்னா எழுத முடியாதும்மா. அந்தப் பெட்டிக்காரர் சாமான் பட்டியல் எதுவும் வெச்சிருக்காரா? அதுல இந்தச் சீட்டைப் பத்தி, உங்க பேரைப் பத்தி முன்னாடியே எழுதியிருந்தா கொண்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்" என்றார்.

அங்கிருந்து நேரே ராயபுரம். சார் கதவைத் திறந்தார், போர்வையை விலக்கினார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த மஞ்சள் கோட்டின்மேல் விரலை வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். "மன்னிச்சுக்கங்க சார்" என்று அவர் காலருகே உட்கார்ந்துவிட்டேன். பிறகு வெட்கம் கெட்டு, பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன்.

இருந்தது. தடிமனான நோட்டு. வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. இந்த மனிதர் கேன்டீன் டோக்கனையே விடாதவர், என் பெயரை விட்டிருக்க மாட்டார். மரப்பெட்டியின் பக்கத்தைத் திருப்பினார். நீளம், அகலம், எடை. திருகாணி எத்தனை, அதில் புதியது எத்தனை. இடது மூலையில் கீறல், அதன் நீளம். கீபோர்டில் தேய்ந்த எழுத்துகள் எவை எவை. என்னைவிட வேகமாகப் படித்துக்கொண்டு போனவர் கடைசி வரியில் நின்றார். நோட்டை மூடப் பார்த்தார். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

"மூடியின் உட்புறம்: பழைய காகிதம் ஒட்டியுள்ளது. சுத்தம் செய்ய வேண்டும்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எனக்குத் தெரியாதேம்மா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார், அவ்வளவுதானே. அஞ்சு மணிக்குத் திரும்பிப் போக என்னிடம் ஒன்றும் இல்லை. கடற்கரைச் சாலை வழியாக வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுக, நான் பதினைந்து வருஷம் எங்கேயும் வேலை பார்த்ததே இல்லையோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வாசலில் என் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். "இன்னாமே ஆச்சு?"

"ஆளு போதும்னுட்டாங்க."

"பேமானிங்க" என்றார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டினார். பிறகு மெதுவாக, "பொட்டிய அந்த சாராண்ட குட்த்தியா? பெயிண்ட்டப் பாத்து இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாக்கீதுன்னாரு."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வேற பொட்டி இர்ந்தாலும் குட்த்து அனுப்பச் சொல்லுமே" என்றார். "பெயிண்ட்டு இன்னும் மிச்சம் கீது."