உலராத திட்டு

உப்பு ஏற்றிய வண்டியின் அடியில் எப்போதும் ஏதாவது சொட்டிக்கொண்டிருக்கும். மரக்காணத்து உப்பளங்களில் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஈர உப்பு மூட்டைகளை ஏற்றியதும் வண்டியை ஒரு மணி நேரம் வரப்போரம் நிறுத்தி வடியவிடுவது வழக்கம். சொட்டிய நீர் வெயிலில் காய்ந்து தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, ஒரு பழைய பிக்அப் வாங்கியிருந்தேன். ஓட்ட ஒருவரை வைத்திருந்தேன். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அன்றைக்கு வண்டி வடிந்துகொண்டிருக்கும்போது பின்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தவர் எழுந்து வந்தார்.

"சார், பிரேக் சரியில்ல. மிதிச்சா மெத்துனு இருக்குது, அப்படியே கீழ எறங்குது."

"காத்து பூந்திருக்கும்பா. ரெண்டு தடவ பம்ப் பண்ணு."

"பண்ணிட்டேன் சார். காத்துன்னா ஏறி நின்னுடும். இது ஏறுது, கால அப்படியே வச்சிருந்தா திரும்ப எறங்குது. பிரேக் ஆயில் டப்பாலயும் கொறையுது, நேத்துதான் ஊத்தினேன். எங்கியோ ஒழுவுது."

"கீழ சொட்றது உப்புத் தண்ணிப்பா."

"எல்லாமே உப்புத் தண்ணி இல்ல சார்."

மூட்டைகளின் மேல் ஐந்து பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அளத்தில் வேலை முடித்தவர்கள். போகிற வழியில் அவர்கள் ஊரில் இறக்கிவிடுவோம். அவர்களில் ஒருத்தி, "என்னாண்ணே, வாத்தியாருக்கே பாடம் எடுக்கிற?" என்றாள். "பெஞ்சு மேல ஏத்திடுவாரு, பாத்துக்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வாட்டி நீங்களே மிதிச்சுப் பாருங்க சார்."

ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து வைத்துக்கொண்டேன். முதலில் தாங்கியது. பிறகு ஈரக் களிமண்ணில் கால் புதைவதுபோல இறங்கத் தொடங்கியது. மனத்துக்குள் எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. அடைபட்ட திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் அந்த அழுத்தம் தெரியும், தெரியாவிட்டால் திரவம் வேறெங்கோ போகிறது என்று இருபது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அதற்கு நான் சொன்ன உதாரணமே வண்டி பிரேக்தான்.

கீழே இறங்கினேன். முந்தின நாள் வண்டி நின்ற இடம் பக்கத்திலேயே இருந்தது. சொட்டியதெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. பின்சக்கரம் நின்ற இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, கறுப்பாக, ஈரமாக இருந்தது. உப்புத் தண்ணீர் அப்படி இருக்காது. பிரேக் ஆயில்தான் உலராது. குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்திருந்தால் போதும். நான் குனியவில்லை.

வடக்கே வானம் கறுத்திருந்தது, மழையில் உப்பு கரைந்துவிடும், அதனால்தான் அவசரப்பட்டேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தப் பெண்கள் முன்னால் காற்று என்று சொல்லிவிட்டேன், உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். ஓட்டுநர் சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. எடு வண்டிய."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைங்களையாவது எறக்கி விட்டுடலாம் சார். பஸ்ல வரட்டும்."

"ஓட்ட பயமா இருந்தா சொல்லுப்பா. வேற ஆளப் பாத்துக்கறேன்."

"மழை வர்ற நேரத்துல பஸ்ஸுக்கு நிக்கச் சொல்றியா? எடுண்ணே" என்று மேலிருந்து குரல் வந்தது. தாழ்த்திச் சொன்னதும் அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

எடுத்தார். திண்டிவனம் சாலையில் மூன்றாவது கியருக்கு மேல் போகவேயில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் வெகுதூரத்திலிருந்தே இரண்டு மூன்று முறை மிதித்துக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது முன்பைவிடக் கீழே போனது. மேலே ஒரு கல்யாணப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தூறல் விழுந்தது. நிறுத்து என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓர் இறக்கம். அடியில் டவுன் பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவர் மிதித்தார். மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை பெடல் தரையில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கியரைக் கீழே தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று கத்திவிட்டு வண்டியை இடப்பக்கம் வயலில் இறக்கினார். சேற்றில் புதைந்து, ஒருபக்கம் சாய்ந்து, நின்றது.

பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. நான்கு பெண்களுக்குச் சிராய்ப்பு. ஐந்தாவது பெண் மூட்டைகளுக்கு அடியில் கிடந்தாள். கால் இரண்டு இடங்களில் முறிந்திருந்தது.

கூட்டம் கூடியது. "யாருய்யா ஓட்டினது?" என்று ஒருவர் கேட்டார். ஓட்டுநர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "மழைல வேகமா வந்துட்டான். சொன்னா கேக்கல."

நெற்றியில் ரத்தத்தோடு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்தவன், வாத்தியார், என் பேச்சுதான் ஊரில் நின்றது. பிரேக்கை நானே மிதித்துப் பார்த்துச் சரி என்றதைக் கேட்டிருந்த பெண்களும் அதையே நம்பினார்கள்.

வண்டியை உள்ளூரில் பழுது பார்க்கவில்லை. எங்களைத் தெரியாத ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பெரிய முதலியார்சாவடி வரை இழுத்துப் போனேன். வண்டியின் அடிச்சட்டத்தின் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை அவர் கழற்றி நகத்தால் சுண்டினார். உப்பு அரித்த குழாய் துருவாக உதிர்ந்தது. "இத வச்சா சார் ஓட்டினீங்க?" என்றார். அந்தக் குழாயை வாங்கி வழியில் முட்புதரில் எறிந்தேன். வண்டியையும் விற்றுவிட்டேன்.

அதன் பிறகு அவரை நம்பி யாரும் வண்டி கொடுக்கவில்லை. அதே உப்பளத்தில் உப்பு வாரப் போனார். கால் முறிந்த பெண் விந்தி விந்தி அங்கேதான் வேலைக்கு வந்தாள். அவள் அவரோடு பேசுவதில்லை.

மறு வருஷம் ஒருநாள் டீக்கடையில் அவர் டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க மிதிச்சுப் பாத்தீங்களே, எறங்குச்சா இல்லியா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது."

"எறங்கல" என்றேன்.

அவர் தலையசைத்தார். மிச்சம் இருந்த டீயை மெதுவாகக் குடித்துவிட்டுப் போனார்.

இறங்கியது. ஏழு எண்ணுவதற்குள் இறங்கியது. இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதியதை அவரிடம் கொடுத்தால் படிக்க முடியாது. இத்தனை வருஷம் உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் நின்று அவர் கண் மங்கிவிட்டது. நான்தான் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். அவர் வீடு என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். இன்னும் போகவில்லை.