முந்நூறு ஓமும் ஒரு தறிக்காரன் காதும்

விசைத்தறி ஓட்டுகிறவனுக்குக் கூலியோடு சேர்த்து இலவசமாகக் கிடைப்பது சத்தம். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்டு பார்க்கிறேன். ஊர் எழுந்திருக்கும்போது படுக்கிறவன். படுத்தாலும் லேசில் தூக்கம் வராது, பாட்டு வேண்டும். லேத்து, ரிக் வண்டி, நூல் மில் என்று எங்கே நின்று காதைப் பறிகொடுத்தவராக இருந்தாலும் சரி, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வெறும் போனில் சொருகிக் கேட்க நல்ல ஹெட்போன் தேடி அலைந்தவராக இருந்தாலும் சரி, என் பாடு உங்களுக்குப் புரியும்.

காணாமல் போன சலங்கை

எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றில் பல்லவி முடிந்ததும் சலங்கை குலுங்கும். போன வருஷம் அது காணாமல் போயிற்று. இயர்போன் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன். அதிலும் இல்லை. இன்னொன்று வாங்கினேன். மூன்றாவதையும் கழற்றிப் போட்டுவிட்டு, பாட்டை நெட்டில் ஏற்றினவன் ஒழுங்காக ஏற்றவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் என் மனைவி சரசு, பாதி தைத்த ஜாக்கெட்டை வைத்துவிட்டு வந்து இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். பாட்டு முடியும்வரை கேட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “சலங்கை இருக்குதுங்க. நல்லாவே கேக்குது.”

சரிந்த கோடு

சேலத்தில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் சுறுசுறுப்பாக அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. டெஸ்ட் முடிந்தது என்று எழுந்து வெளியே வந்தால், பாதிகூட முடியவில்லையாம். மறுபடியும் உள்ளே அனுப்பினார்கள்.

டாக்டரம்மா காட்டிய காகிதத்தில் கோடு நேராகப் போய் வலது பக்கம் தொய்ந்து கிடந்தது, தறியில் இழுப்பு விட்ட பாவு நூல் மாதிரி. கூர்மையான சத்தங்கள் ரெண்டு காதிலும் குறைந்துவிட்டன, ஷிப்டு முடிந்து வந்தபின் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஓடுகிறதே, அது காது படுகிற பாடு என்றார். பட்டறையில் காதடைப்பான் போடச் சொன்னார். பாட்டை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். என் குரலில் என்ன தெரிந்ததோ, பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதில் சொன்னார்: “போனது திரும்பி வராதுங்க. இருக்கறத வெச்சு இன்னும் பல வருஷம் கேக்கலாம். சவுண்டு மட்டும் ஏத்தாதீங்க.”

மொபெட்டும் கலப்பையும்

அன்றைக்கே முடிவு செய்தேன். இனிமேல் வாங்கப்போவது ஒரே ஒரு ஹெட்போன். சின்னச் சத்தத்திலும் பாட்டு முழுசாகத் தெரிய வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதினேன். ஹெட்போனின் மின்தடையை ஓம் கணக்கில் சொல்வார்கள்; அந்த எண் குறைவாக இருந்தால் பெரும்பாலும் போனிலேயே கத்தும். அதிகமாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் கேட்கும். ஓமை மட்டும் பார்த்தால் போதாது, கொடுத்த மின்சாரத்தை எவ்வளவு சத்தமாக மாற்றும் என்பதற்குத் தனியாக ஓர் எண் உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாசம் பிடித்தது. ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். சத்தம் கூட்டும் திருகு என்று ஒன்று இருந்தால் என் கை அதைக் கடைசிவரைக்கும் திருகும்.

நோட்டில் கடைசியாக ரெண்டு மிஞ்சின. ஒன்று முப்பத்திரண்டு ஓம், காதை முழுக்க மூடுவது. இன்னொன்று முந்நூறு ஓம், பின்பக்கம் வலை வைத்துத் திறந்திருப்பது. பட்டறைக்கு மோட்டார் பார்க்க வரும் எலக்ட்ரீசியனிடம் காட்டினேன். அவன் நோட்டைத் தலைகீழாகவும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “முந்நூறு ஓம போன்ல மாட்டறதும் ஒண்ணு, டிராக்டர் கலப்பைய மொபெட்ல கட்டி உழுகறதும் ஒண்ணுங்ணா.”

செவ்வாய்ப்பேட்டை மாடி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கீழே மளிகை மொத்த வியாபாரமும் மேலே ஒலிச் சாமான்களும் இருக்கிற ஒரு கட்டடம். ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு படியேறினேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் போக வேண்டும். கடைக்காரர் முப்பது வயசு ஆள், நல்ல மாதிரி. ரெண்டு ஹெட்போனையும் மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் போனிலேயே போட்டுப் பாருங்கள் என்றார்.

முப்பத்திரண்டு ஓமை மாட்டினேன். தவில் நெஞ்சில் இறங்கியது. முந்நூறு ஓமை மாட்டினேன். போனில் சத்தத்தை முழுக்க வைத்தும் பக்கத்து அறையில் பாடுகிற மாதிரி இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போனில் சத்தத்தை இறக்கிவிட்டு முதலாவதையே திரும்ப மாட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன். தோளில் யாரோ தட்டினார்கள். நாலடி தள்ளி நின்றிருந்த கடைக்காரர் என் போனைக் காட்டினார். சத்தக் கோடு கடைசிவரைக்கும் ஏறியிருந்தது. ஏற்றியது என் விரல், எனக்கே தெரியவில்லை. காதை விட்டு எடுத்ததும் அவர் சொன்னார்: “அண்ணா, உங்க பாட்டு எனக்கு இங்கிருந்தே கேக்குதுங்க.”

பழனிசாமியைக் கூட்டிப்போனது

என் காதை மட்டும் நம்பாமல், அடுத்த வாரம் பழனிசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறையில் எனக்குப் பக்கத்துத் தறி அவன். எங்களுக்குள் பாதிப் பேச்சு வாயசைவும் கைஜாடையும்தான். அவன் முப்பத்திரண்டு ஓமை மாட்டிய மறுநிமிஷமே, இதில்தான் உசிர் இருக்கிறது என்று கடைக்கே கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னான். சத்தம் அதிகமாக இருப்பதுதான் நல்லது என்று தறிக்காரன் காதுக்குப் படும். நான் விடவில்லை. முந்நூறு ஓம் போனில் முழுக்க வைத்தால் எவ்வளவு பாடுகிறதோ, அந்த அளவுக்கு மற்றதைக் குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் பழனிசாமி தலையில் மாற்றி மாற்றி மாட்டி, ரெண்டும் சமம் என்று அவன் கைகாட்டும்வரை இறக்கிக்கொண்டே வந்தார். மேசையைச் சுற்றி இன்னும் ரெண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

சமமான பிறகு நானும் மாட்டிக் கேட்டேன். முப்பத்திரண்டில் தவில் தடியாக இருந்தது, மேலே உள்ளதை மூடியது. முந்நூறில் ஒவ்வொரு வாத்தியமும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தது. சலங்கை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது இருக்கிற இடம் தெரிந்தது. ஆனாலும் மனசு அடித்துக்கொண்டது. சத்தத்தைக் குறைத்தே வைத்துக்கொண்டால் முப்பத்திரண்டும் காதுக்குக் கெடுதல் இல்லையே என்று பழனிசாமியிடம் கேட்டேன். அவன் என் வலது கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்: “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது மாப்ள. எதுல உன்ற கை சும்மா கெடக்குமோ, அத வாங்கு.”

மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்

முந்நூறையே வாங்கினேன். பிடிக்காவிட்டால் எட்டு நாளுக்குள் கொண்டுவந்து மற்றதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். முதல் மூன்று நாள் உப்பில்லாத சாப்பாடு. என் விரல் போனின் ஓரத்தை அமுக்கிக்கொண்டே இருக்கும், ஏற இடமிருக்காது. திறந்த வலை வழியாகத் தெருவில் போகிற டவுன் பஸ், சரசுவின் தையல் மெஷின் எல்லாம் உள்ளே வரும். ஐந்தாம் நாள் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். அன்று பாட்டும் இல்லை, தூக்கமும் இல்லை. சாயங்காலம் திரும்ப எடுத்தேன். இதில் தோற்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரசு கதவைச் சாத்தி, என் படுக்கை நேரம் முடியும்வரை மெஷினை மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். ராத்திரி பட்டறையில் பஞ்சுமாதிரி காதடைப்பானைச் சொருகிக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் காலை அதை மாட்டிக்கொண்டே தூங்கிப்போனேன். மத்தியானம் விழித்தபோது, போன் முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் அப்படியே பாடியிருக்கிறது. பயந்துபோய்க் கழற்றினேன். காதுக்குள் ‘ஙொய்’ இல்லை. காக்கா கத்தியது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில், அவ்வளவுதான். கடைக்காரர் போன் செய்து, இன்று கடைசி நாள், மாற்ற வருகிறீர்களா என்று கேட்டார். வரவில்லை, முழுக்க வைத்தாலும் சத்தம் ஏறமாட்டேன் என்கிறது, அதனால் இதுவே இருக்கட்டும் என்றேன். அவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார்: “அப்ப, ஒரு ஆம்ப்ளிஃபயர் காட்டட்டுங்களாண்ணா?”

இத்தனை வருஷம் சத்தத்தைக் கூலிக்கு வாங்கிக்கொண்டவன் இப்போது கைக்காசு போட்டு வாங்கிவந்தது, கத்தத் தெரியாத ஒரு சாமானை.