மோப்பக்காரியின் ஏழு வருடங்கள்

இஸ்திரிக் கடைக்காரியை அந்தத் தெருவில் யாரும் இஸ்திரிக் கடைக்காரி என்று கூப்பிடுவதில்லை. மோப்பக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதான ஒருத்தியை நாயைச் சொல்வது போலச் சொல்கிறோமே என்று சொல்கிறவர்களுக்கும் உறைக்காது, அவளும் திருத்த மாட்டாள். அவளுடைய அண்ணன் படித்துத் தலைமையாசிரியர் என்று பெயர் வாங்கினார். இவள் ஒன்பது வயதில் உழைத்து இந்தப் பெயரை வாங்கினாள். இதை ஏன் அவள் கூச்சப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டும்?

அவள் சிறுமியாக இருந்தபோது, ஊருக்கு வெளியே குளிர்பானம் அடைக்கிற கம்பெனி ஒன்று இருந்தது. குடித்துவிட்டுத் திருப்பித் தந்த காலி பாட்டில்கள் பெட்டி பெட்டியாக அங்கே வந்து இறங்கும். கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். மனிதப் பிறவி காலி பாட்டிலைச் சும்மா வைத்திருக்குமா? ஒருவன் அதில் மண்ணெண்ணெய் வாங்கி வைப்பான், ஒருத்தி பினாயில் ஊற்றி வைப்பாள். அப்புறம் ஒன்றும் அறியாத முகத்தோடு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரே ஒரு மண்ணெண்ணெய் பாட்டில் கழுவுகிற தொட்டிக்குள் போனாலும் தொட்டி முழுக்க வாடை ஏறிவிடும். காய்ந்துபோன மண்ணெண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். சிகரெட் பிடிக்கிற பெரியவர்களின் மூக்கு அதற்கு உதவாது. அதனால் கம்பெனிக்குச் சின்னப்பிள்ளைகளின் மூக்கு தேவைப்பட்டது.

அப்பா அங்கே லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவர். "வீட்டுல நல்ல மூக்கோட பிள்ளை இருந்தா கூட்டிட்டு வா" என்று மேஸ்திரி சொன்னதும், அவர் முதலில் அழைத்துப் போனது மகனைத்தான். அவன் மூத்தவன், பதினொரு வயது. காலையில் போனவன் மதியத்துக்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மூன்றாவது தடவை மேஸ்திரியின் காலிலேயே எடுத்தான். அண்ணனுடைய பால்ய கால உழைப்பு மொத்தமே அந்த அரை நாள்தான்.

மறுநாள் விடிந்ததும் அப்பா இவளை எழுப்பினார்.

"ரெண்டே நாள் போய் உட்காரும்மா. அண்ணனுக்கு உடம்பு தேறினதும் அவன் வந்துடுவான்."

அண்ணனுக்கு முதல் நாள் சாயங்காலமே உடம்பு தேறிவிட்டது. தேறிய உடம்போடு அவன் பள்ளிக்கூடம் போனான். இவளுடைய இரண்டு நாள் ஏழு வருடமாக நீண்டது. இடையில் ஒரு நாள்கூட அம்மாவோ அப்பாவோ அண்ணனோ, "ரெண்டு நாள்னு சொன்னோமே" என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

வேலை இதுதான். முக்காலியில் உட்கார வேண்டும். பாட்டிலின் வாயை மூக்குக்குக் கீழே பிடித்து, குட்டி மூச்சாக ஒன்று இழுக்க வேண்டும். ஆழமாக இழுத்தால் அடுத்த பத்து பாட்டிலுக்கு மூக்கு மரத்துப்போகும். நல்லது வலது பக்கம், கெட்டது இடது பக்கம். பத்து பாட்டிலுக்கு ஒரு தடவை சட்டைக் கையை மோந்து கொள்ள வேண்டும். தன் உடம்பு வாடையை மோந்தால் மூக்கு பழைய நிலைக்கு வரும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பத்து வயதில் தானே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததற்கு மேஸ்திரியிடம் முதுகில் ஒரு அடி கிடைத்தது, சட்டையை மோந்து நேரத்தை வீணாக்குகிறாளாம். பாட்டில் கழுவுகிற நீளப் பிரஷ்தான் அந்த ஆளுக்கு ஆறாவது விரல்.

அது ஒன்றுதான் வேலை என்றும் நினைத்துவிடக் கூடாது. பதிமூன்று வயதிலிருந்து, கம்பெனிக்குப் போகும் முன்னால் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுகளைக் கழுவினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கடைக்கு உறை ஒட்டினாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து பாடம் படிப்பான். படித்து அலுத்துப்போனால் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னிக்கு என்னடி நடந்துச்சு?" என்று கேட்பான். அவள் சொல்லுவாள். பாட்டிலுக்குள் செத்த தேளைப் பார்த்தது, மேஸ்திரி வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்று இந்தப் பைத்தியக்காரி ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லக் கூடாததையும் சொன்னாள்.

பதினாறு வயதில் கம்பெனியை விட்டாள். பிறகு ஒரு சலவைக் கடை, அப்புறம் சொந்தமாக இஸ்திரிப் பெட்டி. கல்யாணம், குழந்தை, புருஷன் சாவு எல்லாம் வந்து போயின. அண்ணன் ஆசிரியராகி, தலைமையாசிரியராகி, இந்த வருடம் ஓய்வு பெற்றார். பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். "நீ வரலைன்னா நான் மேடையே ஏற மாட்டேன்மா" என்று தேன் ஒழுகக் கூப்பிட்டார். அவள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அண்ணன் ஏற்புரை சொல்ல எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கே வந்தார்.

"பிள்ளைங்களா, உங்க வயசுல நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பாட்டில் மோந்து பார்த்தேன்!"

அரங்கம் சிரித்தது. அவளும் சிரிக்கப் போனாள், அரை நாள் கதையைச் சொல்லப் போகிறாராக்கும் என்று. அண்ணன் அரை நாளைச் சொல்லவில்லை. ஏழு வருடத்தைச் சொன்னார். செத்த தேள் வந்தது. மேஸ்திரி தொட்டிக்குள் விழுந்தார். நாலு மாடிப் படிக்கட்டு வந்தது. அவள் கையை ஆட்டிக் காட்டிய இடத்தில் அவரும் கையை ஆட்டினார், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். "காலையில படிக்கட்டு, பகல்ல பள்ளிக்கூடம், லீவு நாள்ல பாட்டில், ராத்திரி உறை. இத்தனைக்கும் நடுவுலதான் படிச்சேன்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்தாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதை அவள் அன்றைக்குக் கண்ணெதிரே பார்த்தாள்.

அப்பாவின் வீடு அண்ணனுக்குப் போனபோது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் தோட்டை அண்ணி போட்டுக்கொண்டு வந்தபோதும் பேசவில்லை. அதெல்லாம் பொருள், போனால் போகட்டும். அந்த ஏழு வருடம் போனால் அவளிடம் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை. பட்ட பாடு ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒருவன் உருவிக்கொண்டு போய்க் கைதட்டு வாங்குகிறான்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

"சார், மூக்கு அடைச்சிருக்கிற அன்னிக்கு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பேன்மா. எண்ணெய் இருந்தா பளபளன்னு காட்டிக் கொடுத்துடும்."

"தெரியாது!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்ற பிறகுதான் கத்தியது தான் என்று அவளுக்கே உறைத்தது.

"பார்த்தா தெரியாது, பாப்பா. காய்ஞ்ச மண்ணெண்ணெய் தெரியவே தெரியாது. மூக்கு அடைச்சிருந்தா அன்னிக்கு வேலைக்கு விட மாட்டாங்க. அந்த வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும்."

அண்ணன் வாய் நிறையச் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய கை ஆயிற்றே.

"என் தங்கச்சி! அப்பல்லாம் எனக்கு மத்தியான சாப்பாடு கொண்டாந்து கொடுக்கிறது இவதான். வந்தா ஓரமா நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போவா. அந்த ஞாபகத்துல சொல்றா."

கைதட்டினார்கள். அவளைப் பார்த்து, அவளுக்காகவே கைதட்டினார்கள். அதுதான் அவளைக் கிளப்பியது. வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, படி ஏறி மேடைக்குப் போனாள். அண்ணன் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"மரியாதையா கீழ போய் உட்காரு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். அது யாரோட கதைன்னு சொல்லு."

"உனக்கு மேடை இருந்துச்சா? சொல்ல ஆள் இருந்துச்சா? நான் சொன்னதாலதான் அது வெளியவே வந்துச்சு."

"என்னைப் பத்திச் சொல்ல வேண்டியதுதானே? தங்கச்சி செஞ்சான்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?"

அண்ணனின் சிரிப்பு அப்போதுதான் போனது. கிட்ட வந்தார்.

"முழுக் கதையும் உன்னோடதுதானே? சரி. வெளிச்சத்துல பார்த்தேன்னு எனக்கு யாரு சொன்னது? நான் கனவு கண்டேனா? அந்த எதிர் முக்காலிப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப மைக்குல சொல்லட்டுமா? வாயை மூடிக்கிட்டு இறங்கு."

உண்மைதான், இவரிடம்தான் சொன்னாள். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், உறை ஒட்டிக்கொண்டே, அழுதுகொண்டே சொன்னாள். ஒருவரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர் இவர். இறங்கிப் போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள். இறங்கினால் யாருக்கும் எதுவும் தெரியாது. தேளும் தொட்டியும் அவருடையவை ஆகிவிடும். அந்தப் பெண்ணின் சங்கதியும் புதைந்துபோகும். அவளுக்கு அது லாபம்தான். அண்ணனும் அவள் அந்த லாபத்தை எடுத்துக்கொள்வாள் என்று நம்பித்தான் நின்றார்.

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு மைக்கைப் பிடுங்கினாள்.

"பாட்டில் மோந்தது நான். ஒன்பது வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும். இவர் வந்தது அரை நாள்." குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. "ஏன் வேலையிலேர்ந்து நின்னுட்டேன்னு கேளுங்க. ஒரு பாட்டில்ல கக்கூஸ் கழுவுற ஆசிட் இருந்துச்சு. மூச்சு இழுத்துட்டேன். மூக்குல ரத்தம் வந்துச்சு, பத்து நாள்ல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் எனக்கு எந்த வாசனையும் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதை நான் கம்பெனியில யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலை போயிடும், அண்ணன் அப்பதான் காலேஜ்ல சேர்ந்திருந்தாரு. ரெண்டு மாசம் சும்மா மோந்து பார்க்கிற மாதிரி நடிச்சேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். பார்த்தா தெரியாதுன்னு தெரிஞ்சேதான் பார்த்தேன்."

அண்ணன் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஒரு நாள் நான் விட்ட மண்ணெண்ணெய் பாட்டில் தொட்டிக்குள்ள போயிடுச்சு. யாரு விட்டதுன்னு மேஸ்திரி கேட்டான். எனக்கு எதிர் முக்காலியில ஒரு பொண்ணு, பதிமூணு வயசு. வேலைக்கு வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. புதுசுங்கிறதால அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. பிரஷ்ஷால அடிச்சான். அவ என்னைப் பார்த்து, 'அக்கா, நான் ஒழுங்காத்தானே மோந்தேன், நீ பார்த்தியே, சொல்லுக்கா'ன்னு கேட்டா. நான் அடுத்த பாட்டிலை எடுத்து மூக்குல வெச்சுக்கிட்டேன். அவளைக் கேட்டுக்கு வெளிய தள்ளினாங்க. மறுநாள் நானா வேலையை விட்டுட்டேன். விட்டேனே தவிர, வாயைத் திறக்கல."

யாரும் கைதட்டவில்லை. கேள்வி கேட்ட மாணவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை, பரிதாபமும் இல்லை. அவளுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள்.

மைக்கை அண்ணன் கையில் திணித்தாள்.

"எடுத்துக்கிறதா இருந்தா இதையும் சேர்த்து எடுத்துக்கோ அண்ணா. நான்தான் அந்தப் பொண்ணைக் காட்டிக் கொடுத்தேன்னு உன் வாயால சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

அண்ணன் மைக்கின் சுவிட்சை அணைத்தார்.