முன்சீப்பு மகளின் மனு

மத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் முன்சீப்பு திம்மராயன். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, மகள் ஜோதியம்மாள் எம்.பி.பி.எஸ். டாக்டர். இன்னொன்று, பதினோரு வருஷமாக அவருடைய ஊரில் யாருக்கும் எந்த நோயும் வந்ததில்லை. நிஜத்தில் வந்ததெல்லாம் வந்தது. அவருடைய பதிவேட்டில்தான் வரவில்லை. மாதாமாதம் தாலுகா ஆபீசுக்குப் போகும் அறிக்கையில் 'நோய் இல்லை' என்று எழுதிவிட்டால் தாசில்தார் வரமாட்டார். அவர் வராவிட்டால் கோழி அடிக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாகம் இவ்வளவுதான் என்பது திம்மராயன் கண்ட ஞானம்.

ஐம்பத்தேழாம் வருஷம் சென்னையில் ஒரு கல்லூரி, வைத்திய மேற்படிப்பையும் ஆராய்ச்சி டாக்டர் பட்டத்தையும் சேர்த்தே தருவதாக அறிவித்தது. இடம் ஒன்றே ஒன்று. ஜோதியம்மாள் அதற்காகவே இரண்டு கோடைக்காலம் ஊர்ப் படிக்கிணற்றடியில் உட்கார்ந்து, நரம்புச் சிலந்தி கண்டவர்களை எண்ணியிருந்தாள். கிணற்றுத் தண்ணீரோடு வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு நூல்போல வெளியே வரும் புழு அது. நாற்பத்தொரு பேர். பேர், வயது, எந்தக் கால், எத்தனை நாள் கூலி போயிற்று, எல்லாம் எழுதி மனுவோடு வைத்தாள்.

மனுவுக்குக் கிராம அதிகாரியின் நற்சான்று வேண்டியிருந்தது. திம்மராயன் அதோடு நின்றிருக்கலாம். பெண் எப்பேர்ப்பட்ட சுத்தமான ஊரில் பிறந்தவள் என்று பட்டணத்துப் பெரிய மனுஷர்களுக்கும் தெரியட்டுமே என்று, பதினோரு வருஷப் பதிவேட்டை நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்தி, அவளிடம் சொல்லாமல் உறைக்குள் செருகித் தபாலில் சேர்த்தார்.

நேர்முகத்தில் தேர்வுக்குழுத் தலைவர் இரண்டையும் மேசைமேல் பரப்பினார்.

"உன் கணக்கில் நாற்பத்தொன்று. சர்க்கார் கணக்கில் ஒன்றுமில்லை. எதும்மா பொய்?"

"பதிவேடுதான் சார்" என்றாள் ஜோதியம்மாள். யாருடைய சீல் என்று பார்த்த பிறகும் அப்படித்தான் சொன்னாள்.

வெளியே அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்த திம்மராயனை உள்ளே கூப்பிட்டார்கள். பொய் என்று ஒப்புக்கொண்டால் முன்சீப்பு வேலை போகும். உண்மை என்றால் மகளின் இடம் போகும். யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"பதிவேடு சரிதானுங்க. கொழந்த எண்றப்ப தப்பா எண்ணிடுச்சு."

இருபத்தாறு வயதுக் குழந்தை தன் கணக்குத் தாள்களை மட்டும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது. சாயங்காலம் பலகையில் வேறு யாரோ ஒருவர் பெயரை ஒட்டினார்கள்.

ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் திம்மராயன் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். "உடு கண்ணு. படிச்சது போதாதா?"

அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தாள்.

"நாளையிலேருந்து நம்ம ஊர்லயே இருக்கப் போறேம்பா. கெணத்தடியிலயே உக்காந்து வைத்தியம் பாக்கறேன். மாசாமாசம் எத்தன பேருன்னு சேலம் கலெக்டருக்கு நானே எழுதிப் போடறேன்."

"முன்சீப்பு சீல் இல்லாத காயிதத்த கலெக்டரு படிப்பாரா?"

"நாப்பத்தொரு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயி எதிர்ல நிறுத்துனா, சீல் கேக்கமாட்டாரு."

அந்த ஒரே இடத்தை அவளுக்கே வாங்கிக் கொடுத்து, பட்டணத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று திம்மராயன் அப்போதுதான் மனசார வருந்தினார்.