காகத்துக்கு வைத்த சோறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் மியூசியம் ஒன்றின் பொருட்கிடங்கில் எனக்குக் காவல் வேலை. ஜன்னல் இல்லாத நிலவறை. அகதி விண்ணப்பம் போட்டு நான்காம் வருடம். பாஸ்போர்ட் குடிவரவுக்காரர் கையில். யாழ்ப்பாணத்தில் அம்மா செத்ததற்கும் போக வழியில்லை. ஈஸ்ட் ஹாமில் ரயிலேறி வந்து, பூட்டிய சாமான்களுக்கு நடுவே நானும் ஒரு சாமானாகக் குந்தியிருப்பேன்.

அங்கே ஒருநாள் அலாஸ்காவிலிருந்து டிலிங்கிட் என்ற பழங்குடி இனத்து அம்மா ஒருவர் வந்தார். கிடங்கிலிருந்த மரத்தொப்பி ஒன்று அவருடைய குலத்துக்குச் சொந்தம். அண்டங்காகத்தின் தலை செதுக்கியது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரி தேன் தடவிச் சொல்லிவிட்டு, ஒரு மணித்தியாலம் பார்க்க மட்டும் விட்டார். கையுறை போட வேண்டும், பூச்சி வரும் என்பதால் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. அந்த விதிகளை வாசித்துக் காட்டியது நான்தான்.

அவர் தொப்பியைத் தாய்மாமன் முறை சொல்லிக் கூப்பிட்டார். யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது எல்லாம் ஆறுதலாகச் சொன்னார். தன் மொழியில் சொன்னதையெல்லாம் பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். செத்தவர்களுக்குத் தாங்கள் நெருப்பில் சாப்பாடு போடுவதாகவும், அது போய்ச் சேரும் என்றும், இவரை எத்தனை காலமாகப் பட்டினி போட்டார்களோ என்றும் சொல்லி அழுதார். கடைசியில் இந்த மாமனுடைய பாட்டைப் பாட வேண்டுமாம். அதைக் கேட்டால்தான் தன் சனம் தன்னைக் கைவிடவில்லை என்று இவருக்குத் தெரியுமாம்.

விரத நாளில் காகத்துக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத வீட்டில் பிறந்தவள் நான். அதிகாரி டெலிபோன் எடுக்கப் போன நேரம், வாசல் மேசையில் இருந்த என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு பிடி சோற்றை அலகுக்கு முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்கோ," என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த அதிகாரி யார் வைத்தது என்று கேட்கவே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்து, நேரம் முடிந்தது என்றார். இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. பாட்டு தொடங்கவே இல்லை.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை போனால் என்ன, அகதி கேஸ் குழம்பினால் என்ன என்று இப்போது எழுத நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"நீர் வாயைத் திறந்திருந்தா இப்ப நாங்கள் பெட்டி கட்ட வேணும். பேசாமல் விடும்," என்றார்.

அதைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி.

இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா மியூசியத்துக்கு எழுதினார். தொப்பியைக் கேட்கவில்லை, வந்து பாட மட்டும் விடுங்கள் என்றாராம். முன்பு விதியை மீறியவர் என்று மறுத்துவிட்டதாக அதிகாரி என்னிடமே சொன்னார். அப்போது எனக்கு விசா கிடைத்திருந்தது. ஒருவரும் என்னை எங்கேயும் அனுப்ப ஏலாது.

அப்போதும் நான் சொல்லவில்லை.