அண்ணன் மிதித்த பிரேக்

ஷெட்டுக்குள் ‘ணங்’ என்று ஒரு சத்தம். ஏதோ சுவரில் பட்டுத் தெறித்து, தரையில் உருண்டு ஓடி நின்றது. படுக்கையறையில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த கணவர் தலையைத் தூக்கினார்.

“என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லங்க. பேசின் சரிஞ்சிடுச்சு.”

சரிந்தது பேசின் இல்லை. பிரேக் ஸ்பிரிங் ஒன்று அவள் கையிலிருந்து துள்ளிப் பறந்திருந்தது. அதை எங்கே மாட்டுவது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தெருவில் எல்லோரும் அவளைத் ‘திரை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் திரை தைப்பது அவள் வேலை. வீடு வீடாகப் போய்க் கம்பி அடித்து மாட்டுவது கணவர் வேலை. போன மாதம் ஏணி சறுக்கியதிலிருந்து அவர் கட்டிலில், அவள் இரண்டு வேலையிலும். இருவரையும் இத்தனை வருஷமாகச் சுமந்தது ஒரு பழைய வேன். பின்னால் துணி மூட்டைகள், மூட்டைகள்மேல் பிள்ளைகள் இருவர், அவர்கள் மடியில் பள்ளிக்கூடப் பைகள்.

போன வாரம் சரிவு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள். மிதி தரைவரை போனது. கை பிரேக்கை இழுத்து, சக்கரத்தை நடைபாதை ஓரத்தில் உரசவிட்டு, ஒரு மதில் சுவரில் முட்டி நிறுத்தினாள். பிள்ளைகள் பின்னால் இருந்தார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. அவருக்குச் சொந்தமாகத் திரைத்துணிக் கடை. வேனை விற்றுவிடலாம், நீ என் கடைக்கே வந்து தை என்றார். அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடையின் மூலை மிஷினில் அவள் தைத்திருக்கிறாள். அவள் மடித்துத் தைத்த ஓரத்தையெல்லாம் நாலு பேர் முன்னால் ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார். தங்கை என்பதால் கூடுதலாக ஒரு முறை அளப்பார்.

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இன்று சாயங்காலம் அண்ணன் வருவார். வேன் ஒழுங்காக நின்றால் அவளுக்கு. நிற்காவிட்டால் சாவி அவருக்கு.

பட்டறையில் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே கணவர் பழுது பார்க்கும்போது டார்ச் பிடித்த பழக்கம் அவளுக்கு உண்டு. பின் சக்கரங்களில் சிலிண்டர் கசிந்து சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவெல்லாம் எண்ணெய்; புதுசு வாங்கியாகிவிட்டது. கணவர் காலையிலேயே படித்துப் படித்துச் சொன்னார்: ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டி முடித்த பிறகுதான் அடுத்த பக்கம், ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்றை மாட்ட முடியும்.

ஆனால் திரை தைக்கிறவள் எதையும் ஜோடியாகத்தான் வெட்டுவாள். இரண்டு துணியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு ஒரே வெட்டு. அந்தக் கைப்பழக்கம், இரண்டு சக்கரத்தையும் ஒரேயடியாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே பேசினில் கொட்டிக் கழுவிவிட்டது. இப்போது எது இடது, எது வலது, எது மேல், எது கீழ்?

சாமான்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் கடையின் மூலை மிஷின் கண்முன் வந்து நின்றது. கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி.

பழைய ஷூ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள். ஸ்பிரிங் கொக்கி மாட்டுகிற ஓட்டை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தையலைப் பிரித்த துணியில் நூல் போனாலும் ஊசித் துளை போகாதே! சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தகட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஷூ உராய்ந்த இடமெல்லாம் தடம். பழைய சாமான்களைத் தடம் பார்த்து, வெட்டிய துணிபோல இரண்டு பக்கமாகத் தரையில் பரப்பினாள். பொருந்தியது. அதே வரிசையில் புதுசை மாட்டினாள்.

இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்துக் கணவரிடம் காட்டினாள். அவர் பெரிதாக்கிப் பார்த்துச் சரி என்றார். போனைத் திருப்பித் தரும்போது, “பேசின் உருண்டு ஓடுமா என்ன?” என்றார். அவள் ஷெட்டுக்கு ஓடினாள்.

இனி குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்துப் பக்கம் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். கணவர் கால் மாவுக்கட்டில். பிள்ளைகளுக்குக் கால் எட்டாது. அந்த நேரம் பார்த்து, இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் வந்து நின்றார்.

“நல்ல நேரத்துக்கு வந்தே. உள்ள ஏறி உட்காரு.”

“நான் சாவி வாங்க வந்தேன் பாப்பா.”

“சாவி வண்டியிலதான் இருக்கு. மிதின்னா மிதி, விடுன்னா விடு.”

அண்ணன் உட்கார்ந்தார். சக்கரத்தடியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. பாட்டிலுக்குள் விட்ட குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. ஒரு முறை அவர் அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டார்.

“சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். உன் கடையில ஒருத்தர் இப்படிப் பண்ணா சும்மா விடுவியா?”

உள்ளேயிருந்து கணவர், “மச்சான், நல்லா மிதிச்சு என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க” என்றார்.

காற்று முழுக்க வெளியேறியதும் மிதி கல்லாக நின்றது. சக்கரங்களை மாட்டி, முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை நிறுத்திப் பார்த்தாள். பிறகு அதே சரிவு. அண்ணன் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி இறக்கத்தில் அவள் மிதித்தாள். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. திரும்ப ஏறி, திரும்ப இறங்கி, திரும்ப நிறுத்தினாள்.

அண்ணன் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடியே பேசினார். “பிள்ளைங்க பின்னாடி இருந்தாங்கன்னு கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

“எனக்கு மட்டும் இருந்துச்சாண்ணா?”

அவர் கண் கலங்கியிருந்தது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியை வீட்டுக்கு விட்டாள்.

கை கழுவி, மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபோது அண்ணன் தயங்கினார். “மூலை மிஷின் சும்மாதான் கிடக்கு.”

“வேற யாருக்காவது குடுத்துடுண்ணா.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். “ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

“கட்டாயம் வா. முன் சக்கரமும் பிரிக்கணும். விட்டு விட்டு மிதிக்க ஒரு கால் வேணும்.”

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.