சாக்கு மூலையில் நின்ற அரிசி

நான் தங்கியிருக்கும் விடுதியின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. ஒரு கை, அதிலிருந்து விழும் தானியம், கீழே ஒரு புறா, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிவப்புக் கோடு. பறவைக்குத் தீனி போட்டால் அபராதம். சிங்கப்பூருக்கு வந்த புதிதில், யாரோ விளையாட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரில், தாமல் பக்கம் நான் வேலை பார்த்த அரிசி ஆலையின் களத்தில் புறா விரட்டுவதற்கே ஓர் ஆள் உண்டு. அவர் கோலைத் தூக்கினால் புறாக்கள் எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மேயும். இங்கே மைனாக்கள் சாப்பாட்டு மேசைக்கு நடந்தே வருகின்றன. தட்டைப் பார்க்கின்றன, என் முகத்தைப் பார்க்கின்றன. நான் தலையைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறேன். இத்தனை வருஷமாகியும் அது பழகவில்லை.

சிங்கப்பூரில் என்ன வேலை என்று ஊரில் கேட்டால் மழுப்பிவிடுவேன். எழுத்தில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் சொல்கிறேன். சாக்கிலிருந்து கொட்டுவதுதான் வேலை. அங்கேயும் அதுதான் செய்தேன். தானியம், மாவு, பிளாஸ்டிக் மணி ஆகியவற்றைச் சேமிக்கும் இரும்புத் தொட்டிகளைச் செய்கிற கம்பெனி இது. புனல் போல அடி குறுகிய அந்தத் தொட்டியை ஹாப்பர் என்பார்கள். பெரிதாகச் செய்வதற்கு முன்னால், அதையே சின்னதாக, மெல்லிய தகட்டில் செய்து சோதனைக் கொட்டகையில் நிறுத்துவார்கள். நான் ஏணி மேலிருந்து கொட்டுவேன். தகடு எந்த அளவுக்கு வளைகிறது என்று அதில் ஒட்டியிருக்கும் கம்பிகள் கணினிக்குச் சொல்லும். அடியில் வடிந்ததை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த சோதனைக்குக் காத்திருப்பேன். ஆலையில் தவிட்டுத் தூசியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஆனால் நாள் முழுக்கப் பேச்சு ஓயாது. இங்கே தூசி கிடையாது. காதில் பஞ்சும் வாயில் முகமூடியும் உண்டு. எனக்கு அது ஒருவகையில் வசதி. நான் பேசாமல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

போன வருஷம் லின் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். என் மகள் பிரியாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்து உட்கார்ந்துகொள்வாள். சூப்பர்வைசர் முருகையா இங்கேயே பிறந்த தமிழர். அவர்தான் அவளைக் காட்டிச் சொன்னார்.

"ஏழுமலை, உன் வேலைய இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பண்ணப் போறா. அதுக்கு முதுகு வலிக்காது, டீ கேக்காது."

எப்படி என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அரிசிய ஒவ்வொரு மணியா எடுத்து, எது எது மேல மோதுது, எங்க உருளுதுன்னு கணக்குப் போடும். ஆனா தகடு வளையறது அதுக்குத் தெரியாது. இன்னொரு சாஃப்ட்வேர் தகடு வளையறத மட்டும் பாக்கும். அரிசின்னா என்னான்னே அதுக்குத் தெரியாது. ரெண்டும் வேற வேற ஆளுங்க செஞ்சது. இது சொல்றது அதுக்குப் புரியாது. நடுவுல நின்னு ரெண்டுக்கும் சேதி மாத்திவிடற புரோகிராம எழுதறா. ஏபிஐ வழியா கோக்கறதும்பாங்க."

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். இருந்தாலும் லின் கையால் காட்டியபோது கொஞ்சம் புரிந்தது. இடது கை விரல்களை மேசைமேல் வேகவேகமாகத் தட்டினாள். அது அரிசி. வலது உள்ளங்கையை மெல்ல வளைத்தாள். அது தகடு. அரிசி அழுத்தினால் தகடு வளைகிறது. தகடு வளைந்தால் அரிசி இடம் மாறுகிறது. இடம் மாறினால் அழுத்தமும் மாறுகிறது. அரிசியின் கணக்கு பொடிப்பொடி அடியாக ஓடுகிறது, தகட்டின் கணக்கு ஒரே எட்டாக வைக்கிறது. குழந்தையின் கையைப் பிடித்து பஸ் நிலையத்துக்கு நடப்பதுபோல, ஒவ்வொரு எட்டுக்கும் பெரியது நின்று சின்னதுக்காகக் காத்திருக்க வேண்டும். நிற்காமல் போனால் கணக்கு சிதறிவிடும். திரையில் நீலப் புள்ளிகள் தொட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்ததை நானே பார்த்தேன். லின் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் துடைப்பத்தை எடுத்துவிட்டுப் பிறகு வைத்தேன். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

முருகையா இன்னொன்றும் சொன்னார். "இது சரியா வந்துட்டா நெசமா கொட்டிப் பாக்க வேண்டியதில்ல. கொட்டாய மூடிடுவாங்க. உன் வேலை பர்மிட்டு முடியறப்ப புதுப்பிக்க மாட்டாங்க. அப்புறம் சொல்லலன்னு சொல்லாத." பிரியா நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அதுவரை நான் இங்கே இருந்தாக வேண்டும். ஊருக்குப் போனாலும் அந்த ஆலை இப்போது கல்யாண மண்டபம். வேறு ஆலைகளில் பெல்ட்டே மூட்டையை மேலே கொண்டுபோகிறது.

அந்தப் பெண் தோற்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், மனம் வரவில்லை. காலையில் தனக்கு ரொட்டி வாங்கினால் எனக்கும் ஒன்று வாங்கி, ஏணியின் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போவாள். ஜெயிக்க வேண்டும் என்றும் நினைக்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

வடிந்த பிளாஸ்டிக் மணியையே வாளியில் அள்ளி, எடைபோட்டு மறுபடி மறுபடி கொட்டியபோது கணக்கு சரியாக வந்தது. திரையில் வளைந்த அளவுக்கே நிஜத் தகடும் வளைந்தது. பிறகு ஒரு வாடிக்கையாளரின் அரிசி வந்தது, சின்னச் சின்ன சாக்குகளில். ஒருமுறை கொட்டினால் மணி உடைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சோதனைக்கும் புதுச் சாக்குகள் பிரிப்போம். சாக்கின்மேல் போட்டிருக்கும் எடையையே லின் கணக்கில் ஏற்றுவாள். அரிசியில் மட்டும் கணக்கு ஒட்டவில்லை. திரையில் தகடு கூடுதலாக வளைந்தது, நிஜத்தில் குறைவாக வளைந்தது. எத்தனை முறை செய்தாலும் அப்படியே. நடுவில் நின்று சேதி மாற்றும் புரோகிராமில்தான் தப்பு என்று மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். லின் அதைப் பிரித்துப் பிரித்து எழுதினாள். அரிசியின் வழுக்கலை மாற்றிப் பார்த்தாள். ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் கண்ணாடி அறைக்குள் ஓர் ஆள் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. பர்மிட் தப்பித்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நாள் அது. மத்தியானச் சோற்றைப் பிரிக்காமலே மூடி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்கு வந்து, நான் கொட்டி முடித்து, மடித்து அடுக்கியிருந்த சாக்குகள்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்து பார்த்தாள். சாக்குக்குள் அரிசி சரிகிற சத்தம். ஒன்றைப் பிரித்தாள். மூலையில் ஒரு கைப்பிடி அரிசி. அடுத்ததிலும் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் தட்டில் கவிழ்த்துத் தராசில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவான குரலில், ஏன் என்று கேட்டாள்.

அந்த நிமிஷம்வரை நான் மிச்சம் வைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. என் வாயில் வந்த ஆங்கிலம் இரண்டே வார்த்தை. "மை வைஃப்" என்றேன்.

அவள் விழித்தாள். மனைவி இங்கேயா இருக்கிறாள் என்றாள். இந்தியா என்றேன். இந்த அரிசியை இந்தியாவுக்கா அனுப்புகிறாய் என்று கேட்டாள். நான் கையை ஆட்டினேன். ஆட்ட ஆட்ட, திருடன் மறுப்பதுபோல எனக்கே பட்டது. அவள் முருகையாவைக் கூப்பிட்டாள்.

ஆலையில் நெல் மூட்டையைக் குழியில் கொட்டும் ஆள் சாக்கை முழுசாகக் காலி செய்ய மாட்டான். மூலையில் ஒரு கைப்பிடி நிற்கும். வெறும் சாக்கு வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆனால் அந்த மூலை நெல், சாக்கு உதறும் பெண்களுக்கு. முதலாளிக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். உதறும் பெண்களில் ஒருத்தி செல்வி. அவள் பக்கம் போகும் சாக்குகளில் என் கைப்பிடி கொஞ்சம் பெருகிவிட்டது. எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

"ஏய் செல்வி, உன் சாக்குல மட்டும் இன்னாடி கூட நிக்குது?" என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அவுரு கை பெருசுடி. அதுக்கு அவுரு இன்னா பண்ணுவாரு?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பில் களமே அதிர்ந்தது.

செல்வி மட்டும் சிரிக்காமல் என்னிடம் நேரே வந்தாள். "யோவ், பேசாம மூட்டையவே குட்த்துடேன். நான் தூக்கினு போயிடறேன்." அந்த வருஷமே எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

இதை முருகையாவிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ் ஏழுமலை, உன் காதல் கதையில இந்தப் பொண்ணுக்குத் தூக்கம் போச்சேய்யா!" அவர் மொழிபெயர்க்கக் கேட்டு லின் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு எல்லாவற்றையும் கொட்டு, உதறு என்று இரண்டு கைகளையும் தூக்கி உதறிக் காட்டினாள்.

அவள் போன பிறகு முருகையா குரலைத் தாழ்த்தினார். "ஒதறினா என்னா ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்ணே."

"நான் ஒண்ணும் சொல்ல முடியாதுய்யா."

"நான் மட்டும் இன்னாண்ணே சொல்ல முடியும்?"

மறுநாள் உதறினேன். ஆயுசு முழுக்கக் கொட்டியவன், உதறியதில்லை. செல்வி சாக்கின் அடி முனைகளைப் பிடித்து இரண்டு சொடுக்குச் சொடுக்குவாள், மூலை சுத்தமாகிவிடும். எனக்கு அது வரவில்லை. சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு குலுக்கினேன். மூலையில் விரலை விட்டு வழித்தேன். ஒவ்வொரு சாக்கையும் லின் உள்ளே எட்டிப் பார்த்து, தலையாட்டி வாங்கிக்கொண்டாள்.

கணக்கு ஒட்டிவிட்டது. திரையில் கணக்கின் கோடும் நிஜத் தகட்டின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. கண்ணாடி அறையில் கை ஆட்டிப் பேசிய ஆளே இறங்கி வந்து கைதட்டினார். நானும் தட்டினேன். லின் எனக்குக் காப்பி வாங்கி வந்து, படியில் வைக்காமல் கையில் கொடுத்தாள். கொட்டகை மூடுவது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு அத்தனை ஆங்கிலம் வராது. தெரிந்திருந்து அவள் வருத்தப்பட்டால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் கை பெருசுன்னு அவளுங்க அப்பவே சொன்னாளுங்கோ. இப்ப சிங்கப்பூரு கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சிடுச்சி பாரு!"

"சாக்க ஒதறிட்டேன்மே" என்றேன்.

சிரிப்பு நின்றது. பர்மிட் விஷயம் அவளுக்கு முன்பே தெரியும்.

"நல்லா ஒதறினியா?"

"ம்."

"சரி வுடு. அந்தப் பொண்ணும் ஒருத்தர் பெத்ததுதானே." பிறகு, "பிரியா பரிச்சைக்குப் படிச்சிக்கினு இருக்குது. இப்ப ஒண்ணும் அதுகிட்ட சொல்லாத" என்றாள்.

போன வாரம் லின் என்னைக் கூப்பிட்டு, முடிந்துபோன கணக்கைப் படமாக ஓட்டிக் காட்டினாள். நீலப் புள்ளிகள் ஹாப்பரில் கொட்டின, தகடு மூச்சு விடுவதுபோல அசைந்தது, அடியில் வடிந்தது. ஏணியும் இல்லை, ஆளும் இல்லை. கடைசிப் புள்ளி இறங்கும்வரை பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லாமல் காலியானது. நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

இன்று காலை விடுதியின் வெளிப்படியில் உட்கார்ந்து, சாக்கு உதறிய அன்றைக்குப் போட்டிருந்த வேலைக் கால்சட்டையைத் துவைக்கப் பிரித்தேன். மடித்துவிட்டிருந்த கால் மடிப்பிலிருந்து அரிசி உதிர்ந்தது. நான் குலுக்கியபோது தெறித்து விழுந்ததாக இருக்கும். லின்னின் படத்தில் இவையும் இறங்கி முடிந்துவிட்டன. பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஒரு கைப்பிடிகூடத் தேறாது. பலகையின் மேலிருந்து மைனா ஒன்று இறங்கி, நடந்தே வந்து, என் காலருகில் நின்றது. கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. நான் விரல்களை மூடிக்கொண்டேன். அது போகவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.